மூன்றாம் பரணில் நின்ற சிறுவன்

சென்ற ஆண்டு சனவரித் திங்களில், என் தமக்கை மகளும் அவள் கணவரும் அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் என்னையும் அழைத்துச் சென்றனர். நான் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றதற்கு அவர்கள் அளித்த பரிசு அது. கப்பலைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. மிதக்கும் பட்டணம் ஒன்று. உணவு மிகுதி, உறக்கம் மிகுதி, அவ்வளவே. நான் எழுத விழைவது, மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிக்கா நாட்டில் கழிந்த ஒரு பகற்பொழுதைப் பற்றியும், அங்கே கானகத்தின்மேல் கட்டியிருந்த கம்பி வடத்தைப் பற்றியும், அதில் தொங்கிச் செல்ல மறுத்த பதினொரு வயதுச் சிறுவனைப் பற்றியுமே.

விடியற்பொழுதில் கப்பல் லிமோன் துறையை அடைந்தது. கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தில், 1502ஆம் ஆண்டு, நங்கூரமிட்டுத் தங்கிய கரை இது. 1871 முதல் 1890 வரை, மலைமீதுள்ள தலைநகர் சான் ஹோசேயையும் இத்துறையையும் இணைக்கும் இருப்புப்பாதையை அமைத்தார்கள். காய்ச்சலாலும் விபத்தாலும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். ஜமைக்காத் தீவிலிருந்து அந்த வேலைக்கென வந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் லிமோனில் பெருந்தொகையாக வாழ்கின்றனர். ஸ்பானிய மொழி வழங்கும் அந்நாட்டில் எங்கள் வழிகாட்டி தடையின்றி ஆங்கிலம் பேசியதன் காரணம் இதுவே. அவருடைய முப்பாட்டனார் அந்த இருப்புப்பாதைக்கு மண் சுமந்தவராம்.

கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணங்களைக் கப்பலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். துறைமுக வாயிலில் நிற்கும் உள்ளூராரிடம் குறைந்த விலைக்கும் பேசிக்கொள்ளலாம். முன்னதில் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், பின்னதில் காத்திராது. அதனால் மருமகன் கூடுதல் பணம் கொடுத்துக் கப்பலிலேயே பதிவு செய்திருந்தார். தமக்கை மகள் கைக்குழந்தையோடு கப்பலில் தங்கிவிட, மருமகன், அவர் மகன், நான் ஆகிய மூவரும் புறப்பட்டோம். பையன் அமெரிக்காவில் வளர்ந்தவனாயினும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை. என்னைச் ‘சாமித் தாத்தா’ என்றே அழைப்பான்.

வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். குலைகளை நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளால் போர்த்தியிருந்தார்கள். அன்று நான் கண்ட முதல் கம்பி வடம் இத்தோட்டத்தில்தான் இருந்தது. வரிசைகளுக்கு ஊடே, தலைக்குச் சற்று மேலே, நெடுகக் கம்பி ஓடுகிறது. வெட்டிய குலைகளைக் கப்பியோடு கூடிய கொக்கிகளில் மாட்டி, இருபதுக்கு மேற்பட்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடுப்பில் பட்டை கட்டிய ஒரு தொழிலாளி இழுத்துக்கொண்டு செல்கிறார். பழம் அடிபடாமல் சிப்பமிடும் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இழுப்பவரின் தோள் நோவுக்கு என்ன ஏற்பாடு என்று எனக்குத் தெரியவில்லை. பேருந்தில் இருந்தவர்கள் அவரைப் படமெடுத்தார்கள்.

மனிதர் கம்பியில் தொங்கிச் செல்வதும் புதிதன்று. சீனாவின் நூஜியாங் பள்ளத்தாக்கில் லிசு மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றுக்குக் குறுக்கே கயிற்றில் சறுக்கிச் சென்றனர். முதலில் மூங்கில் நாரால் திரித்த கயிறு, பிற்பாடு எஃகு வடம். நேபாளத்தில் இதனைத் ‘துயின்’ என்பர். அங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடப் புத்தகப் பையோடு அப்படித்தான் ஆற்றைக் கடந்தனர். பாலம் கட்டித் தாருங்கள் என்று அம்மக்கள் அரசை வேண்டினார்கள். நாங்களோ பணம் கொடுத்துத் தொங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

கோஸ்டா ரிக்காவில் இந்தக் கலை வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. வெப்ப மண்டலக் காட்டின் தரையில் நிற்பவன் அக்காட்டை அறியமாட்டான். உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கே கீழே வந்து சேருகிறது. பூவும் கனியும், அவற்றை நாடும் பறவையும் வண்டும், அவற்றை உண்ணும் பாம்பும் பெரும்பாலும் மேலேதான். 1970களில் டொனால்டு பெரி என்னும் அமெரிக்க உயிரியலார், லா செல்வா என்ற ஆய்வுக் காட்டில் மரத்துக்கு மரம் கயிறு கட்டித் தொங்கி, அந்த மேல்மாடியை ஆராய்ந்தார். 1994இல் பொதுமக்களும் மேலே சென்று காணும்படி மின்தொட்டில்கள் ஓடும் வடப்பாதையையும் அமைத்தார். அதே 1990களில் மொன்டெவெர்டே மலைக்காட்டில் வேறு சிலர், பரணிலிருந்து பரணுக்குச் சறுக்கும் கேளிக்கைப் பயணத்தைத் தொடங்கினர். ‘ஜிப் லைன்’ என்று இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. பார்ப்பதற்கென்று தொடங்கிய ஒன்று பறப்பதற்கென்று ஆகிவிட்டது. மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் அலறிக்கொண்டு செல்பவன் எந்தப் பறவையைக் காண்பான்?

எனினும் குறை மட்டும் கூறுவது முறையன்று. 1940களில் அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாக இருந்தது. மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டி வெட்டி 1980களில் அது கால் பங்களவுக்குச் சுருங்கிற்று. 1996இல் இயற்றிய சட்டத்தின்படி, காட்டை வெட்டாமல் காக்கும் நிலவுடைமையாளருக்கு அரசு பணம் தருகிறது. அப்பணத்தின் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. சுற்றுலாவும் சேர்ந்து, நிற்கும் மரத்துக்கு விலை உண்டாயிற்று. இன்று நாட்டின் பாதிக்கு மேல் மீண்டும் காடு. நாங்கள் அலறிய அலறலுக்கும் அதில் சிறு பங்கு உண்டு போலும்.

கானகத்தின் விளிம்பில் ஒரு கொட்டகை. முதலில் ஒரு தாளில் கையொப்பம்: எது நேர்ந்தாலும் நாமே பொறுப்பு என்று. பின்னர் எடை பார்த்தார்கள். இடையையும் இரு தொடைகளையும் சுற்றி வார் பூட்டி, தலைக்கவசமும் தடித்த தோல் கையுறையும் தந்தார்கள். அங்கி அணிந்து கம்பியில் தொங்க இயலாதாகையால், மருமகனின் பழைய கால்சட்டையொன்றை இரவல் வாங்கி அணிந்திருந்தேன். என் பங்கு மக்கள் கண்டிருந்தால் அடையாளம் தெரிந்திராது.

எனக்கு வார் பூட்டிய இளைஞரை அடுத்து இன்னொருவர் வந்து ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தார். பரணின்மேல் மூன்றாமவர் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். ஒருவர் மற்றவரை நம்பாததே இத்தொழிலின் ஒழுங்கு என்றார் வழிகாட்டி. எதிர்ப்பரணிலிருந்து சைகை வந்த பின்னரே அடுத்தவரை விட வேண்டும். 2018இல் ஹொண்டுராஸ் நாட்டு ரொவாத்தான் தீவில், நடுவடத்தில் நின்றுவிட்ட ஒருவர்மேல் பின்வந்தவர் மோதி ஓர் உயிர் போயிற்று. அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. எங்களுக்கு அவர் கற்பித்தது இரண்டே பாடம். கையைக் கப்பிக்கு முன்னால் வைக்கலாகாது, விரல் நசுங்கும். வேகம் குறைக்கக் கப்பிக்குப் பின்னால் உள்ளங்கையால் வடத்தை மெல்ல அழுத்த வேண்டும், மிகுதியாக அழுத்தினால் வழியிலேயே நின்றுவிடுவோம்.

முதல் இரு வடங்களும் குறுகியவை. கால் தரையை விட்ட கணத்தில் என் வயிறு மேலெழுந்து தொண்டையை அடைத்தது. பிறகு, சொல்லவே கூச்சமாக உள்ளது, சிறு பையனைப் போலச் சிரித்தேன். பையனும் இரண்டையும் கடந்துவிட்டான்; ஆனால் சிரிக்கவில்லை.

மூன்றாம் பரண் ஒரு பெருமரத்தின் இடையைச் சுற்றிக் கட்டியது. அங்கிருந்து வடம் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்கிறது. மழை மேகம் இறங்கியிருந்ததால் மறு முனை தெரியவில்லை. விரல் பருமனுள்ள கம்பி வெண்புகைக்குள் நுழைந்து மறைந்தது. எங்களுக்கு முன் நின்ற பெண்மணி அதனுள் மறைந்ததைப் பையன் பார்த்தான். அவன் முறை வந்தபோது மரத்தைக் கட்டிக்கொண்டான்.

“வாடா, எல்லாரும் பார்க்கிறாங்க,” என்றார் தந்தை.

பையன் அசையவில்லை. நின்றவர்கள் சிலர் ஊக்குவிக்கும் பொருட்டுக் கைதட்டினர். அது அவனை இன்னும் குறுக்கிற்று. மருமகன் முகம் சிவந்தது. “நீங்க சொல்லுங்க சாமி, உங்க பேச்சைக் கேட்பான்,” என்றார்.

நானும் சொன்னேன். மறையுரையில் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய சொல் அல்லவா? “பயப்படாதே கண்ணு, ஒன்றும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும் சாமித் தாத்தா,” என்றான் அவன். “ஆனாலும் பயமா இருக்கு.”

எனக்கு மறுமொழி இல்லை. மருமகன் அவன் தோளைப் பற்றிப் பரணின் விளிம்புப் பக்கமாக நகர்த்தினார். தள்ளினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கை தோளில் இருந்தது. விளிம்பு இரண்டடியில் இருந்தது. அப்போது அந்த வழிகாட்டி இருவருக்கும் நடுவில் வந்து, புன்னகையோடு, மருமகனின் கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்படியே சிறுவன் முன் மண்டியிட்டு, “நாம் இருவரும் ஒரே கொக்கியில் சேர்ந்து போகலாமா?” என்று கேட்டார். எடை குறைந்த பிள்ளைகள் நடுவழியில் நின்றுவிடுவதால் இவ்வாறு சேர்ந்து செல்வது வழக்கந்தான். பையன் தலையசைத்து மறுத்தான். “சரி, ஏணி இருக்கிறது,” என்றார் அவர். அவ்வளவுதான்.

பின்னர் மருமகனிடம் காரணத்தையும் சொன்னார். மனமின்றிச் செல்பவன் உடலை விறைத்துக்கொள்வான். பயத்தில் முன்னால் உள்ள கம்பியைப் பிடிப்பான். ஒருவரையும் விளிம்பிலிருந்து தள்ளலாகாது என்பதே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தமக்குக் கற்பித்த விதி என்றார். பரிவு பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை; விரல்களைப் பற்றியே பேசினார். கட்டிய பணம் திரும்ப வராது என்று மருமகன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

நானும் பையனோடு இறங்கிவிட்டேன். அவனுக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டேன். என் தோள்களும் நொந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்னோர் இளைஞர் எங்களைத் தரை வழியே அழைத்துச் சென்றார். தலைக்கு மேல் அவ்வப்போது கப்பிகள் கீச்சிட்டு ஓடின. ஒவ்வொரு முறையும் பையன் அண்ணாந்து பார்த்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

ஓரிடத்தில் அந்த இளைஞர் நின்று, உதிர்ந்த இலைகளுக்கு நடுவே சுட்டிக் காட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தவளை. உடல் குங்குமச் சிவப்பு. கால்கள் நீலம், காற்சட்டை அணிந்தாற்போல. அதன் தோலில் நஞ்சு உண்டு, தொடக்கூடாது. தாய் இலைச் சருகில் சில முட்டைகளே இடுகிறது. தந்தை அவை உலராமல் ஈரமாக்கிக் காக்கிறது. தலைப்பிரட்டைகள் வெளிவந்ததும், தாய் அவற்றை முதுகில் சுமந்து மரமேறி, மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசி இனச் செடிகளின் இலையிடுக்கில் தேங்கிய நீரில் விடுகிறது. பெரும்பாலும் ஒரு குட்டைக்கு ஒரு பிள்ளை. பிறகு சில நாளுக்கொரு முறை ஒவ்வொன்றிடமும் ஏறிச் சென்று, கருவுறாத முட்டையை உணவாக இடுகிறது. வாரக் கணக்கில் இது நடக்கும். பையன் சேற்றில் முழந்தாளிட்டுவிட்டான். கால் மணி நேரம் அவனை எழுப்ப முடியவில்லை, நானும் முயலவில்லை.

இறுதிப் பரணின் அடியில் மருமகனுக்காகக் காத்திருந்தோம். அவர் எல்லாருக்கும் கடைசியாக வந்தார். தலைக்கவசத்தின் பட்டையைக் கழற்ற அவர் விரல்களால் இயலவில்லை; பையனே கழற்றிவிட்டான். பேருந்தில் ஒருவரும் பேசவில்லை.

இரவு, கப்பலின் மேல்தளத்தில் என்னருகே வந்து நின்றவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “நாலாவது கம்பியில பாதியிலே நின்னுட்டேன் சாமி. பயத்துல கையை அழுத்திட்டேன். மேகத்துக்குள்ளே முன்னும் தெரியல, பின்னும் தெரியல. அந்த ஆள் வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் தொங்கிக்கிட்டே இருந்தேன்.” சற்று நேரம் கழித்து, “அவன்கிட்ட சொல்லணுமா?” என்று கேட்டார்.

“சொல்வது நல்லது மாப்பிள்ளை,” என்றேன்.

மறுநாள் காலை உணவின்போது பையன் தன் தாய்க்குத் தவளைக் கதையைக் கைகளை வீசி விவரித்துக்கொண்டிருந்தான். மருமகன் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ரொட்டியைப் பிய்த்தவாறே குறுக்கிட்டு, “ஏன்டா, அது குஞ்சுகளை எல்லாம் ஒண்ணாவே சுமந்துட்டு ஏறுமா?” என்றார்.

“இல்லப்பா,” என்றான் பையன், முந்தைய நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவரை நேராகப் பார்த்து. “ஒவ்வொண்ணா.”