தகர நிழல் சுடுவதேன், வேப்பநிழல் குளிர்வதேன்?

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழேயும் நிழல்தான், வேப்பமரத்தடியிலும் நிழல்தான். ஆனால் கொட்டகையில் தலை காய்கிறது. வேம்படியில் உடம்பு ஆறுகிறது. ஏன்?

தகரம் வெயிலை வாங்கிச் சூடேறி, அந்த வெப்பத்தைக் கீழே நிற்பவர் மேல் வீசுகிறது. இலை அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை.

எப்படி? வேர் உறிஞ்சிய நீர், இலையிலுள்ள நுண்துளைகள் வழியே ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். அந்த வெப்பத்தை நீர் இலையிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லிடுவதும் இப்படித்தான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, நிழலோடு இந்தக் குளிர்ச்சியும் போனது.

வீட்டு வாசலில் மரம் இருந்தால், அதன் அடியைச் சிமென்ட் பூசி மூடாதீர்கள். மண்ணில் நீர் இறங்கினால்தான் இலை குளிரும்.