முதுகுவலிக்கு மார்ஃபின் கேட்குமா?

பாராசிட்டமாலுக்கும் டைக்ளோஃபினாக்குக்கும் அடங்காத முதுகுவலிக்கு அபின் வகை மாத்திரை கேட்குமா என்று பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மில்லும் பவுண்டரியும் நிறைந்த வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வலி மருந்துகளைப் படிப்படியாக அடுக்கியது: கீழ்ப்படியில் சாதாரண வலி மாத்திரை, மேல்படியில் அபின் வகையான மார்ஃபின். அது புற்றுநோய் வலிக்காகப் போட்ட அடுக்கு. முதுகுவலிக்காரரும் மேலே ஏறினால் அதிக நிவாரணம் கிடைக்கும் என்பது நாமாக நினைத்துக்கொண்டது. தீராத முதுகு, மூட்டு வலியுள்ள 240 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஓராண்டு முடிவில், பத்துக்கு மதிப்பிட்டதில், அபின் வகை எடுத்தவர்களின் வலி 4.0, பாராசிட்டமாலில் தொடங்கும் மற்ற மருந்துகளை எடுத்தவர்களுக்கு 3.5. நடமாட்டத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. பக்கவிளைவு மட்டும் அபின் தரப்பில் கூடுதல்.

காரணம் இரு வகை மருந்தும் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. டைக்ளோஃபினாக் வீக்கத்தை வளர்க்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைக்கிறது. மார்ஃபின் தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச்செய்தியை அமுக்குகிறது. ஒன்று மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது, மற்றது எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்குகிறது. விசித்திரம் இதற்குப் பிறகுதான். நாள்பட அபின் மருந்து எடுக்கும் சிலருக்கு நரம்புகளின் கூருணர்வு ஏறி, முன்பு உறைக்காத தொடுகைகூட வலிக்கத் தொடங்கும். வலிக்கிறதென்று அளவைக் கூட்டினால் வலியும் கூடும்! குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை.

டைக்ளோஃபினாக் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லை, இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அதை மருந்துக்கடையில் மிட்டாய்போல் வாங்குகிறோம். அப்படியானால் மார்ஃபினே வேண்டாமா என்றால், அதுவும் தவறு. புற்றுநோயின் கடும் வலிக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் அது இன்றியமையாதது. அபினைச் சட்டப்படி பயிரிடும் இந்த நாட்டில், 1985இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். 2014இல்தான் விதிகளைத் தளர்த்தினார்கள். போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களுக்குப் பயந்து, புற்றுநோயாளிகளுக்கு மறுபடி அந்தக் கதவை அடைப்பது நியாயமில்லை.

வாசகருக்கு: மாத்திரையை மாற்றும் முன் முதுகைச் சோதித்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.