விமானியின் இருக்கையில் நீங்கள் உட்கார நேர்ந்தால்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், தீபாவளி விருந்தில் முறுக்குத் தட்டு கைக்கு வருமுன்பே அந்தக் கேள்வி வந்துவிடும். “ரெண்டு பைலட்டுக்கும் மயக்கம் வந்துட்டா, நம்ம மாதிரி ஆளு இறக்க முடியுமா?” கேட்கும் மாமாவே பதிலையும் சொல்லிவிடுவார்: “கம்ப்யூட்டர்தானே ஓட்டுது, முடியும்.”

மாமாவைப் போல நினைப்பவர்கள் நிறைய. 2023ல் அமெரிக்காவில் யூகவ் நிறுவனம் நடத்திய கருத்தாய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், கட்டுப்பாட்டு நிலையம் வழிகாட்டினால் பயணிகள் விமானத்தைப் பத்திரமாக இறக்கிவிடலாம் என்று நம்பினர். ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்! நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. விமானம் தரையிறங்கும் காணொளி ஒன்றைக் காட்டினார்கள். நான்கு நிமிடம்கூட இல்லை, ஒலியும் இல்லை. விமானியின் கைகள் என்ன செய்கின்றன என்பதும் தெரியாது. அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடிவிட்டது.

நம்புகிறவர்கள் உடனே 2022 மே மாதம் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்வார்கள். செஸ்னா கேரவன் விமானத்தில் விமானி நினைவிழக்க, விமானமே ஓட்டியிராத பயணி ஒருவர் அதைப் பாம் பீச் விமான நிலையத்தில் இறக்கினார். அவருக்கு வழிகாட்டிய கட்டுப்பாட்டாளர் விமானப் பயிற்றுநரும்கூட. அந்த ரக விமானத்தை அவர் ஓட்டியதில்லை என்பதால் விமானி அறையின் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு பேசினார். அருமையான செயல்தான். ஆனால் அது ஓர் இயந்திரமும் ஏறக்குறைய 4 டன் எடையும் கொண்ட சிறு விமானம். நாம் சாங்கியில் ஏறும் ஏர்பஸ் ஏ320, 60 டன் எடையோடு மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொடும். பெரிய பயணிகள் ஜெட் விமானத்தைப் பயிற்சியற்ற பயணி ஒருவர் தரையிறக்கியதாக இதுவரை வரலாறு இல்லை.

“கம்ப்யூட்டர் ஓட்டுது” என்பது பாதி உண்மை. பெரிய விமானங்கள் பலவற்றால் தாமாகத் தரையிறங்க முடியும். ஆனால் உயரத்தைக் குறைக்கவும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் யாராவது கட்டளையிட வேண்டும். சரியான நேரத்தில் வேகத்தைக் குறைத்து, இறக்கை மடிப்புகளையும் சக்கரங்களையும் இறக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் கம்ப்யூட்டர் தானாக முடிவு செய்யாது.

அதற்கும் முன்னால், உள்ளே போக வேண்டுமே! 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானி அறைக் கதவுகள் எளிதில் உடைக்க முடியாதவை.

நான் வகுப்பில் படித்தவற்றில் மனத்தைவிட்டு அகலாதது ஹீலியோஸ் 522. 2005 ஆகஸ்ட் 14, சைப்பிரசின் லார்னாகாவிலிருந்து ஏதென்சுக்குப் புறப்பட்ட போயிங் 737. அதற்குமுன் நடந்த பராமரிப்புச் சோதனையில் காற்றழுத்த விசை கைமுறை நிலையில் விடப்பட்டிருந்தது, விமானிகளும் கவனிக்கவில்லை. மேலே போகப் போக உயிர்வளி குறைந்து, விமானிகளும் பயணிகளும் நினைவிழந்தார்கள். தானியங்கி மட்டும் கடமை தவறாமல் ஏதென்ஸ் வரை கொண்டுபோய், வானத்தில் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அருகில் பறந்த கிரேக்க எஃப்-16 போர் விமானிகள், ஒருவர் விமானி அறைக்குள் நுழைந்து உட்காருவதைப் பார்த்தார்கள். அவர் விமானச் சிப்பந்தி. வர்த்தக விமானி உரிமமும் வைத்திருந்தவர். அவர் அமர்ந்த சிறிது நேரத்தில் எரிபொருள் தீர்ந்து ஓர் இயந்திரம் நின்றது, பிறகு மற்றதும். விமானத்திலிருந்த 121 பேரும் மாண்டனர். அந்த இருக்கையில் அமர்ந்தவர் மாமாவைவிட எவ்வளவோ அதிகம் தெரிந்தவர். நேரம்தான் அவரிடம் இல்லை.

ஆக, என் பதில் இதுதான். தானியங்கி வேலை செய்து, எரிபொருள் நிறைய இருந்து, வானிலையும் நன்றாக இருந்து, அந்த ரக விமானத்தை அறிந்த ஒருவர் வானொலியில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தால் வாய்ப்பு உண்டு. ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சியில் இருவர் பாவனைக் கருவியில் முயன்றார்கள். உதவியின்றி மோதினார்கள், வழிகாட்டியோடு இறக்கினார்கள். தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் இறக்குவதா? எனக்கு நம்பிக்கையில்லை.

உண்மையில் அந்த நிலைமை வருவதே அரிது. ஒரு விமானிக்கு உடல்நிலை சரியில்லாவிட்டால் மற்றவர் தனியாகவே இறக்கிவிடுவார். அதற்கென்றே பயிற்சி உண்டு. இருவருமே விழுந்தாலும், சிப்பந்திகள் முதலில் தேடுவது விடுப்பில் பயணம் செய்யும் விமானி யாரேனும் இருக்கிறாரா என்றுதான்.

அப்படியும் உங்களைத்தான் உட்கார வைத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஏ320ல் பக்கவாட்டுக் கைப்பிடியில் பேசுவதற்கு ஒரு விசை இருக்கிறது. அதே கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் தானியங்கி துண்டிக்கப்படும். ஆகவே கைப்பிடியைத் தொடாதீர்கள். இருக்கைக்குப் பக்கத்தில் தனியாகக் கையில் பிடிக்கும் ஒலிவாங்கி ஒன்று மாட்டியிருக்கும். அதை எடுத்து, விசையை அழுத்தி, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பேசி முடித்ததும் விசையை விடுங்கள். விட்டால்தான் மறுமுனையில் இருப்பவரின் குரல் கேட்கும்.