சுழலும் தட்டும் தொடரலையும்: கிறிமெற்றன் கம்பியில்லாத் தந்தி நிலையம்

கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் நெடுந்தூர அலைகளைப் பிறப்பித்தவை பாரிய இயந்திரங்களே. அவற்றின் இயல்பை இன்றும் நேரிற் காணத்தக்க இடம், சுவீடனின் தென்மேற்கே வார்பெரி நகரை அடுத்துள்ள கிறிமெற்றன் நிலையமாகும்.

முதலாம் உலகப்போரிற் கடலடித் தந்தி வடங்கள் பல அறுக்கப்பட்டன. பிறர் வடங்களை நம்பியிருந்த சுவீடன், அமெரிக்காவுடன் தானே நேரிற் செய்தி பரிமாற விரும்பியது. 1901 இல் மார்க்கோணி கையாண்ட மின்பொறி முறை இதற்குப் போதாது. மின்பொறியலை தோன்றியவுடனே நலியும். அதன் சக்தியும் பல மீடிறன்களிற் சிதறிப் பிற நிலையங்களைக் குழப்பும். ஆதலின் நலியாத தொடரலை வேண்டப்பட்டது.

உப்சலாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஏர்ன்ஸ்ற் அலெக்சாண்டர்சன் இதற்கென ஆடலோட்டப் பிறப்பாக்கி ஒன்றை ஆக்கினார். அதன் உருக்குத் தட்டின் விளிம்பில் 488 பிளவுகள் உள. அவை காந்தமாகாத உலோகத்தால் நிரப்பப்பட்டவை. பிளவுகளுக்கு இடைப்பட்ட உருக்குப் பற்கள் சுருள்களைக் கடக்கும்போது காந்தப்புலம் மாறும். பல்லொன்று கடக்க அலையொன்று தோன்றும். தட்டு நிமிடத்துக்கு 2115 முறை சுழலின், செக்கனுக்கு ஏறத்தாழ 17,200 அலைகள் பிறக்கும். எனவே சுழற்சி தளம்பின் மீடிறனும் தளம்பும். தந்திச் சாவியை அழுத்துந்தோறும் சுமை ஏறுவதால், வேகத்தைச் சீராக்கும் அமைப்பு இன்றியமையாததாயிற்று.

இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 17.4 கிலோமீற்றர். 127 மீற்றர் உயரமான ஆறு கோபுரங்கள் தாங்கும் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீள வான்கம்பியும் அதற்குச் சிறிதே. இத்தகைய கம்பியிற் சக்தியின் பெரும்பகுதி நிலத்தில் வெப்பமாய் வீணாகும். ஆகவே ஒவ்வொரு கோபுரத்தருகிலும் கம்பி கீழிறக்கப்பட்டு, சுருளொன்றினூடாக நிலத்துடன் இணைக்கப்பட்டது. மின்னோட்டம் பல வழிகளிற் பகிரப்பட, இழப்புக் குறைந்தது.

1924 டிசெம்பரிற் சேவை தொடங்கிற்று. 1925 யூலை 2 இல் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் நிலையத்தை முறைப்படி திறந்துவைத்தார். ஆயின் அக்காலத்திலேயே வால்வும் சிற்றலையும் முன்னேறி வந்தன. சிறிய கருவிகளே அத்திலாந்திக்கைக் கடக்கவே, இவ்வகை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. கிறிமெற்றன் எஞ்சியதற்குக் காரணம் அதன் நெட்டலையே. அது கடல்நீரினுள்ளும் ஓரளவு ஊடுருவுமாதலின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப உதவியது.

2004 இல் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பழமையெனக் கருதப்பட்ட ஒரு கருவியை, அதன் பழைய இயல்பே காத்தமையை நாம் இங்குக் காண்கின்றோம்.