உங்களுக்குத் தெரியுமா? வேலைக்கு நடுவே இசை, இசைக்கு நடுவே கணினி

அலுவலகம், அடுப்படி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் வயலின் எடுப்பவர்களும், மெட்டுப் போட்டுக் கணினியில் பதிவு செய்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அந்த முக்கால் மணி நேரம் 'அப்டேட்' ஓடுவதைப் பார்ப்பதிலேயே கரைந்துவிடக் கூடாது. இந்த வாரத் துணுக்குகள் அவர்களுக்காக.

✦ ரஷ்ய இசைமேதை அலெக்சாண்டர் போரோதின் (1833–1887) தொழிலால் வேதியியல் பேராசிரியர். பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அகாடமியில் வகுப்பு, ஆய்வுக்கூடம், பெண்களுக்கான மருத்துவப் படிப்பு என்று நாள் முழுக்க ஓட்டம். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தால்தான் இசை எழுத நேரம் கிடைக்கும். அதனால் இசை நண்பர்கள் தன்னை 'நோய் வரட்டும்' என்று வாழ்த்துவதாக அவரே எழுதியிருக்கிறார். 'இளவரசர் ஈகோர்' ஓபராவை 1869-ல் தொடங்கினார், சாகும்வரை முடிக்கவில்லை. அதன் நடனப் பகுதி ஒரு கச்சேரிக்கு அவசரமாகத் தேவைப்பட்டபோது ரிம்ஸ்கி-கோர்சகோவும் லியாதோவும் வந்து உடன் உட்கார்ந்து எழுதினார்கள். மை தொட்டு எழுத நேரமில்லாததால் பென்சில்தான். அது அழிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு தாளிலும் ஜெலட்டின் கரைசலைப் பூசி, அறைக்குள் கொடி கட்டித் துவைத்த துணியைப் போல உலர்த்தினார் போரோதின். அத்தனை அவசரத்திலும் எழுதியதைப் பாதுகாக்க அவர் நேரம் ஒதுக்கியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

✦ யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் ஒரு இசை ஆசிரியர். வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஆர்கன் வாசித்து, கச்சேரி நடத்தி, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். வானம் பார்ப்பது பொழுதுபோக்கு. நல்ல தொலைநோக்கி வாங்க வசதியில்லாததால் செம்பும் தகரமும் கலந்த உலோக ஆடியைத் தானே வார்த்துத் தானே தேய்த்தார். வீடே பட்டறையாகிவிட்டது. வார்ப்பு அச்சுக்கான குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர்களில் அவருடைய தங்கை கரோலினும் ஒருவர். கச்சேரி உடையை மாற்றக்கூட நேரமில்லாமல் அண்ணன் பட்டறைக்குள் ஓடியதில் சட்டைக் கையின் லேஸ் கிழிந்ததையும், உருகிய கீல் தெறித்துப் பாழானதையும் கரோலின் எழுதி வைத்திருக்கிறார். மெருகேற்றும்போது பாதியில் கையை எடுத்தால் ஆடி கெட்டுவிடும் என்பதால், ஒருமுறை 16 மணி நேரம் கையெடுக்காமல் தேய்த்தார் ஹெர்ஷல். அண்ணன் பசியாற, தங்கை கவளம் கவளமாக வாயில் ஊட்டினார்; அலுப்புத் தட்டாமல் இருக்கக் கதைப் புத்தகமும் வாசித்துக் காட்டினார்.

1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தபோது யுரேனஸ் தென்பட்டது. மறு ஆண்டு மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு மானியம் தர, இசைத் தொழிலை விட்டுவிட்டு முழுநேர வானியலாளர் ஆனார். கரோலினும் பின்னாளில் பல வால்மீன்களைக் கண்டுபிடித்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலோக ஆடி காற்றுப் பட்டு மங்கும். அவ்வப்போது கழற்றி மறுபடி மெருகேற்ற வேண்டும். அதனால் பிறகு கட்டிய 40 அடித் தொலைநோக்கிக்கு இரண்டு ஆடிகள் செய்து வைத்தார். ஒன்று மெருகுக்குப் போனாலும் மற்றதை வைத்து வேலை நடக்கும்.

✦ 'குயீன்' குழுவின் பிரையன் மே காலமெல்லாம் வாசிக்கும் கிடார், 1963-ல் அப்பாவும் மகனுமாக வீட்டில் செய்யத் தொடங்கியது. கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். ஸ்பிரிங் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. நாதத்தை அசைக்கும் கைப்பிடியின் முனை அம்மாவின் பின்னல் ஊசி. சுரத்தானப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இசைக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் முனைவர் பட்டத்தை 2007-ல் முடித்தார்.

✦ மின்னணு ஸ்ருதிப் பெட்டிக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. 1970-களின் கடைசியில் அதை உருவாக்கிய பெங்களூரு ஜி. ராஜ் நாராயண், பொறியாளராக வேலை பார்த்த புல்லாங்குழல் கலைஞர்.

✦ கீபோர்டையும் கணினியையும் இணைக்கும் 'மிடி' 1983-ல் வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி இருவரும் முன்னின்று போட்டி நிறுவனங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டதால்தான் 40 ஆண்டு கடந்தும் நிற்கிறது. 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

மிடியில் ஒலியே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும் மூன்று பைட்டில் போகும். ஒரு முழுப் பாட்டின் மிடி கோப்பு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாக இருப்பது அதனால்தான். கமகத்துக்கு என்ன செய்வது? பிட்ச் வீல் இருக்கிறது. அதன் நகர்வை மிடி 16,384 படிகளாகப் பிரிக்கிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்தான் நகரும். நீண்ட ஜாருக்கு இது போதாது. கருவியின் அமைப்பில் போய் வரம்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

✦ கணினியில் பாடிப் பதிவு செய்யும்போது சொந்தக் குரல் ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்டுத் தாளம் தடுமாறுகிறதா? கணினி ஒலியைத் துளித்துளியாக இல்லாமல் கட்டுக்கட்டாகத்தான் கையாளுகிறது. அந்தக் கட்டுக்குத்தான் 'பஃபர்' என்று பெயர். விநாடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில், 1,024 மாதிரி கொண்ட பஃபர் நிறைய 21 மில்லி விநாடி ஆகும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால், இது ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். 128 என்று குறைத்தால் ஒரு மீட்டருக்கும் குறைவு. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை தாமதம் சேரும் என்பதால் காதுக்கு வருவது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பஃபரை ஒரேயடியாகக் குறைத்தால் கணினி திணறும். 'பட் பட்' என்ற வெடிப்புச் சத்தம் பதிவில் ஏறும். பாடும்போது குறைத்து வையுங்கள், பிறகு உட்கார்ந்து மிக்ஸ் செய்யும்போது கூட்டிவிடுங்கள். பதிவுக்கு முன் பிரவுசரை மூடி வைஃபையை அணைத்தாலே பாதி வெடிப்பு நின்றுவிடும். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கம்பி வைத்ததுதான் சரி.

✦ 24 பிட், 48,000 மாதிரி, ஸ்டீரியோ. இந்தத் தரத்தில் ஒரு மணி நேரச் சாதகத்தைப் பதிந்தால் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். அதையே 'ஃபிளாக்' கோப்பாக மாற்றினால் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருங்கும், ஒலியில் ஒரு துளியும் இழப்பில்லை. எம்.பி.3 அப்படியில்லை. அது தூக்கியெறிந்த ஒலித் தகவலைத் திரும்பப் பெற முடியாது. கேட்பதற்கு எம்.பி.3 போதும், காப்பதற்கு ஃபிளாக்.

✦ 'டாய் ஸ்டோரி 2' வெளியானது 1999-ல். அதற்கு முந்தைய ஆண்டு, பிக்ஸாரில் யாரோ கொடுத்த ஒரே ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பாத்திரங்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய்ப் பார்த்தால் அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. யாரும் திறந்து சோதிக்கவும் இல்லை. படத்தைக் காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். படத்தின் நகலை வீட்டு இயந்திரத்துக்கு அவ்வப்போது இறக்கிக்கொள்வார். அந்தக் கணினியைக் கம்பளியில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்து, மேடுபள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். பிறகு கதையே பிடிக்காமல் படத்தின் பெரும்பகுதியைத் திரும்பச் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

நம் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பாட்டை மாதம் ஒருமுறை திறந்து கேளுங்கள். மூன்று நகல், இரண்டு வகை சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு. வெளி நகல் ஊரிலிருக்கும் அக்கா வீட்டு அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம். கணினியும் மேகக் கிடங்கும் தானாக ஒத்திசைவதை மட்டும் பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம்; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

✦ பதிவில் 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல் கேட்டால், குற்றவாளி மைக்காக இருக்காது. தூசி அடைத்த மடிக்கணினி சூடாகி, உள்விசிறி வேகமெடுத்துக் கத்துகிறது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காற்று டப்பாவால் காற்றுத் துளைகளில் சிறிது சிறிதாக ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் தாங்குருளை கெட்டுவிடும். இன்னொரு வழி: பாடகர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அந்தப் பின்பக்கம் கணினியைப் பார்க்கும்படி மைக்கை வையுங்கள்.

✦ திடீரென்று எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கிறதா? வைரஸ் என்று பதறும் முன், மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. தேதி தவறாக இருந்தால் எதுவும் பொருந்தாது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் சின்னப் பொருள்தான். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

✦ விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான முறையில் நின்றன. அதற்காகப் பழைய கணினியை எடைக்குப் போட வேண்டியதில்லை. இசைக்காகவே தொகுக்கப்பட்ட 'உபுண்டு ஸ்டுடியோ' போன்ற லினக்ஸ் இலவசம். 2000-ம் ஆண்டில் வெளியான 'ஆடாசிட்டி'யும் இலவசம்தான். அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள். இணையத்தைத் துண்டித்து, பதிவு செய்வதற்கு மட்டும் என்று ஒதுக்கிய பழைய கணினியில் இடைஞ்சலும் குறைவு.

✦ இசை மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு சில ஆண்டுகளில் திறக்காமல் போகலாம். அன்று பயன்படுத்திய பிளக்இன் ஒன்று இல்லாவிட்டாலே போதும், வீணை இருந்த இடத்தில் மௌனம்தான் வரும். அதனால் பாட்டு முடிந்த அன்றே குரல், தம்புரா, மிருதங்கம் ஒவ்வொன்றையும் தனித்தனி 'வேவ்' கோப்பாக, எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும்படி எடுத்து வையுங்கள். எந்த மென்பொருளிலும் அவை திறக்கும்.

✦ கோப்பின் பெயரில் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று போட்டால் (2025-03-09-தோடி) கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாளை முன்னால் போட்டால் அந்த வரிசை குலைந்துவிடும். மார்ச் 10, ஏப்ரல் 9-க்கும் ஜூலை 8-க்கும் பின்னால் போய்விடும். ஆண்டை முன்வைக்கும் இந்த முறை 1988-லிருந்து ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமாக இருக்கிறது.