கட்டிய எஞ்சின் மறுபடியும் ஏன் சீஸ் ஆகிறது?



ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சில நாளிலேயே மறுபடி சீஸ் ஆவதை நாம் பார்த்திருக்கிறோம். உடனே "பிஸ்டன் மட்டம்" என்று சொல்லி இன்னொன்றைப் போடுவார்கள். ஆனால் பிஸ்டன் பெரும்பாலும் அடிபட்டவன்தான். அடித்தவன் வேறு இடத்தில் இருப்பான். அவனைக் கண்டுபிடிப்பது எப்படி?

யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 1996 வரை தயாரானது, 98 சி.சி., 11 குதிரைத் திறன். பொன்னேரி பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு என் பெரியப்பா மகன் இன்றும் அதில்தான் ஷிப்டுக்குப் போகிறார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ரீபோர் செய்த இரண்டே வாரத்தில் ஜி.என்.டி. சாலையில் பின்சக்கரம் இறுகிவிட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

முதலில் பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி.

1. சுற்றிலும் நாலு இடத்தில் கீறல் இருந்தால்: இடைவெளி போதவில்லை, அல்லது எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பிஸ்டன் முந்திக்கொண்டு விரிந்து லைனரில் இறுகும்.

2. சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் இருந்தால்: அதிகச் சூடு அல்லது ஆயில் பஞ்சம்.

3. தலையில் ஓட்டை அல்லது ஓரம் அரித்திருந்தால்: இக்னிஷன் டைமிங், கலவை இரண்டையும் பாருங்கள்.

அண்ணன் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. ப்ளக் வெள்ளையாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். சட்டென்று இறங்காது என்று அவரே சொன்னார். இந்த மூன்றும் சேர்ந்தால் சொல்வது ஒன்றுதான்: எங்கோ காற்று உள்ளே போகிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகும். கிராங்க் ஷாப்டின் இரண்டு முனையிலும் ஆயில் சீல் உண்டு. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை வரும், கண்ணுக்குத் தெரியும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகையே வராது. வெறும் காற்று புகுந்து, பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் காற்றுக்குப் போதாமல் போகும். பிஸ்டன் வெந்துவிடும்.

சோதிப்பது சுலபம். மேக்னெட்டைக் கழற்றுங்கள். கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, ப்ளக் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பால் 6 பி.எஸ்.ஐ. அளவே காற்றடியுங்கள். சீலில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு மேக்னெட் பக்கத்தில் குமிழ் வந்தது. பிஸ்டன் செட்டோடு பார்த்தால் சீலின் விலை சொற்பம்.

கனடாவின் ஸ்கி-டூ போன்ற பனி வண்டிகளிலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உண்டு. பனியில் ஓடினாலும் வெயிலில் ஓடினாலும் விதி ஒன்றே.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "படிச்சு என்னப்பா தெரிஞ்சுகிட்ட?" என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். பாகத்தை மாற்ற யாராலும் முடியும். காரணத்தைக் காட்டுவதுதான் டிப்ளமோ படிப்பு.