நண்பர் பாதியில் விட்ட பாட்டு

நண்பர் இறந்தால் மாலை போடுகிறோம், கண்ணீர் விடுகிறோம். அவர் பாதியில் விட்டுச் சென்ற வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்? தமிழ்ப் பட உலகில் இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். அவர்கள்தான் விசுவநாதனும் ராமமூர்த்தியும்.

மூன்று கலைஞர்கள்

சி.ஆர். சுப்பராமன் என்ற பெயர் பலருக்கு மறந்திருக்கலாம். அவர் பாட்டு மறக்கவில்லை. கண்ணம்மாவைக் குழந்தையாக நினைத்துப் பாரதியார் கொஞ்சும் பாட்டை, "மணமகள்" (1951) படத்தில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். இன்றும் தாய்மார்கள் அந்த மெட்டில்தான் பாடுகிறார்கள். அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் சுப்பராமன்.

அவர் குழுவில் வயலின் வாசித்தவர் திருச்சி ராமமூர்த்தி. ஹார்மோனியம் வாசித்தவர், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விசுவநாதன். ராமமூர்த்தி சுப்பராமனுக்கு 2 வயது மூத்தவர். விசுவநாதன் 4 வயது இளையவர். குழுவுக்குத் தலைவர் ஒருவர்தான். ஆனால் சங்கீதப் பித்து மூவருக்கும் ஒன்று.

அகால மரணம்

1952 ஜூன் 27. சுப்பராமன் காலமானார். வயது 28தான்! மூன்று நாள் முன்புதான் விசுவநாதனுக்கு 24 வயது நிரம்பியிருந்தது.

தேவதாஸ், சண்டிராணி, மருமகள் ஆகிய படங்களின் இசை வேலை முடியாமல் நின்றது. இசை முடியாவிட்டால் படம் எப்படி வெளிவரும்?

இரண்டு உதவியாளர்களும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். சுப்பராமன் எந்த இடத்தில் வயலினை ஓங்கச் செய்வார், எந்த இடத்தில் அடக்குவார் என்பது, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்குத் தெரியாதா? வேலை முடிந்தது. மூன்று படங்களும் 1953ல் வெளிவந்தன. "தேவதாஸ்" இசை இன்றும் சுப்பராமன் பெயரில்தான் வழங்குகிறது.

ஜோடி பிறந்தது

"மணமகள்" படத்தை டைரக்ட் செய்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அடுத்து அவர் டைரக்ட் செய்த "பணம்" (1952) படத்துக்கு இந்த இருவரையும் ஜோடியாக இசை அமைக்கச் செய்தார். பிறகு பாவமன்னிப்பு, பாசமலர், கர்ணன் என்று வெற்றிமேல் வெற்றி! 1963ல் "மெல்லிசை மன்னர்கள்" என்ற பட்டம் கிடைத்தது.

1965ல், "ஆயிரத்தில் ஒருவன்" படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். 30 ஆண்டு கழித்து, 1995ல், "எங்கிருந்தோ வந்தான்" படத்தில் மறுபடி சேர்ந்தார்கள்.

ராமமூர்த்தி 2013லும் விசுவநாதன் 2015லும் மறைந்தார்கள். மூவரும் இன்று இல்லை. ஆனால் "தேவதாஸ்" பாட்டு எங்காவது கேட்டால் சற்று நின்று கேளுங்கள். அதில் எது சுப்பராமன் தொடங்கியது, எது நண்பர்கள் முடித்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

நட்புக்கு இதைவிட என்ன நினைவுச் சின்னம் வேண்டும்?